விரிசல் அன்று, மூட்டு

இந்தியில் 'சீல்' என்றொரு சொல் உண்டு. பழைய சுவரில் படர்ந்து கிடக்கும் ஈரத்துக்கும் வெயில் படாத அறையின் நசநசப்புக்கும் அது பெயர். 'சீலன்' என்றும் சொல்வர். ஆங்கிலத்திலிருந்து வந்து சேர்ந்த இன்னொரு 'சீல்' அதே மொழியில் அதே ஒலிப்போடு புழங்குகிறது. நீர் புகாமல் அடைப்பதற்கு அது பெயர். நோயும் மருந்தும் ஒரே ஒலியைப் பகிர்ந்துகொள்வது தற்செயல். இரண்டு சொற்களுக்கும் வேர் வேறு. ஆயினும் மும்பையின் அடுக்குமாடிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிகழும் உரையாடல்களில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுகின்றன: மேல் வீட்டில் சீல் போய்விட்டது, கீழ் வீட்டில் சீல் வந்துவிட்டது.

அந்த உரையாடல்களில் பல ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: குளியலறையில் தொட்டியின் விளிம்பும் சுவரின் டைலும் சந்திக்கும் கோடு. அதன்மீது வெண்ணிறத்தில் ஓடும் சிலிக்கோன் பட்டை கறுத்து, உரிந்து, ஓரம் தூக்கி நிற்பதை நம் பெருநகரங்களின் வீடுகளிலும் விருந்தினர் மாளிகைகளிலும் எளிதாகக் காணலாம். 'கொஞ்சம் சீலன்ட் பூசினால் போதும்' என்பது அனைவரும் அறிந்த தீர்வு. பூசுகிறார்கள். சில மாதங்களில் மீண்டும் உரிகிறது. மறுபடி பூசுகிறார்கள். பொருள் சரியில்லை என்று கடையை மாற்றுகிறார்கள். வேலை சரியில்லை என்று பிளம்பரை மாற்றுகிறார்கள். அந்தக் கோட்டை என்னவென்று நினைத்துப் பூசினோம் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

தமிழில் விரிசல் வேறு, மூட்டு வேறு. ஒன்றாய் இருந்தது பிளந்தால் விரிசல். அதை நிரப்பி மறுபடி ஒன்றாக்க முயலலாம். இரண்டாய் இருப்பவை சேருமிடம் மூட்டு. முழங்கால் மூட்டு அசைவதற்கென்றே இருக்கிறது. அதை அசையாமல் இறுக்கிவிட்டு நோய் தீர்ந்தது என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது இத்தகைய மூட்டு. அதை விரிசலாகக் கருதி அடைக்கும்போது, அடைப்பு எப்போது விடும் என்பது மட்டுமே மீதிக் கேள்வி.

இந்த அசைவு கற்பனையானதன்று, கணக்கிட்டுப் பார்க்கத்தக்கது. வீடுகளில் வைக்கப்படும் அக்ரிலிக் தொட்டியொன்று ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம் இருக்கும். குளிப்பதற்கு நிரப்பினால் 150 லிட்டர் நீர் பிடிக்கிறது என்று கொண்டால், அந்த நீர் மட்டும் 150 கிலோ. உள்ளே அமர்பவரின் எடையும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். அவ்வளவு சுமை ஏறும்போது தொட்டியின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ தாழ்கிறது. நீர் வடிந்ததும் எழுகிறது. சுவர் தாழ்வதுமில்லை, எழுவதுமில்லை. வெப்பமும் தன் பங்குக்கு இழுக்கிறது. அக்ரிலிக் ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 70 பங்கு விரியும். பீங்கான் டைல் அதில் பத்தில் ஒரு பங்குதான் விரியும். வெந்நீர் ஊற்றி 20 பாகை வெப்பம் ஏறினால், தடையின்றி விரியும் அக்ரிலிக் 1.7 மீட்டர் நீளத்தில் 2.4 மில்லிமீட்டர் வளரும். அதே நீள டைல் சுவர் கால் மில்லிமீட்டர்கூட வளராது. தொட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடியிழை அடுக்கு இந்த விரிவைக் கணிசமாகக் கட்டுப்படுத்தும் என்றாலும், வேறுபாடு மறைந்துவிடாது. ஒவ்வொரு குளியலிலும் அந்தக் கோடு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது.

இனி அதன்மீது பூசப்படும் பொருள். நல்ல தரமான சிலிக்கோன் தன் அகலத்தில் கால் பங்கு அளவுக்கு விரியவும் சுருங்கவும் வல்லது. பட்டை 6 மில்லிமீட்டர் அகலமுடையதாயின் 1.5 மில்லிமீட்டர் அசைவைத் தாங்கும். 2 மில்லிமீட்டர் அகலமே உடையதாயின் அரை மில்லிமீட்டரிலேயே அதன் வல்லமை தீர்ந்துவிடும். மெல்லிய கோடாக இழுத்த சீலன்ட் கண்ணுக்கு அழகாயிருக்கும். கிழிவதும் அதுவே முதலில். சிலிக்கோனுக்கே இந்த வரம்பென்றால், ஒயிட் சிமென்டையும் டைல் இடுக்குகளில் இடும் கிரௌட்டையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை கல்லாக இறுகுபவை. அசையும் இடத்தில் கல்லை வைத்தால் அது ஏதேனும் ஒரு பக்கத்திலிருந்து விலகியே தீரும்.

மும்பைப் புறநகர் ஒன்றில், 1990களின் இறுதியில் எழுந்த ஏழு மாடிக் கட்டடத்தில் இவ்வளவும் நடந்தது. நான்காம் தளத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் வசிக்கிறார்கள். மனைவிக்கு நாள்பட்ட இடுப்பு வலி. வெந்நீரில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் அன்றைய இரவு தூக்கம் வரும்; ஆகவே அந்த வீட்டில் தொட்டி ஆடம்பரப் பொருளன்று. நேர் கீழே மூன்றாம் தளத்தில் தனியாக வசிப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மராத்திப் பள்ளிகளின் வழக்கப்படி கட்டடம் முழுவதும் அவரைப் 'பாயி' என்றே அழைக்கிறது. அவருடைய குளியலறைக் கூரையில், மின்விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, மஞ்சள் நிறக் கறை ஒன்று தோன்றியது.

முதலாண்டு ஒரு மிஸ்திரி வந்து மேல் வீட்டுத் தொட்டியின் ஓரத்தை ஒயிட் சிமென்டால் அடைத்தார். தீபாவளிக்குள் அதில் மயிரிழைக் கோடு விழுந்தது. இரண்டாமாண்டு வேறொருவர் அந்தச் சிமென்டின் மேலேயே சிலிக்கோன் இழுத்தார். மூன்றாமாண்டு இன்னொருவர் அந்தச் சிலிக்கோனின் மேல் புதுச் சிலிக்கோன் இழுத்தார். ஒவ்வொரு முறையும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாலையிலேயே தொட்டியில் நீர் நிரம்பியது. கறை மட்டும் கீழே அகன்றுகொண்டே இருந்தது.

மூன்றாம் முறை தோற்றதற்கான காரணம் பலரும் அறியாதது. இறுகிய சிலிக்கோன்மீது எதுவும் நம்பகமாக ஒட்டாது. சாயம் ஒட்டாது, சிமென்ட் ஒட்டாது, புதுச் சிலிக்கோனும் ஒட்டாது. பழையதன்மேல் புதியதை இழுப்பவர் மெழுகின்மேல் எழுதுகிறார். இரண்டாம் முறை தோற்றதற்குக் காரணம் வேறு. தொட்டி விளிம்பு, சுவர், அடியிலிருந்த பழைய சிமென்ட் ஆகிய மூன்றோடும் அந்தப் பட்டை ஒட்டிக்கொண்டது. இரு பக்கம் மட்டும் ஒட்டிய பட்டை, இரு முனை பிடித்த ரப்பரைப்போல இழுபடும். அடியும் ஒட்டிக்கொண்டால் நடுப்பகுதி இழுபட இடமின்றித் தவித்து ஓரத்தில் கிழியும். இதைத் தவிர்க்கவே கட்டுமானத் தொழிலில் இடுக்கின் அடியில் நுரைக் கயிறு ஒன்றை முதலில் திணிப்பார்கள். 'பேக்கர் ராட்' என்பது அதன் கடைப் பெயர். சிலிக்கோன் அதனோடு ஒட்டாது. தேவைக்கு மேல் ஆழமாக இறங்கவும் அது விடாது. ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் பட்டை நன்றாக இழுபடும்.

இந்த மூன்றாண்டுகளில் கறுப்பும் ஏறியது. சோப்பின் எச்சத்தையும் உடலின் அழுக்கையும் தின்று வாழும் பூஞ்சை அது. பட்டையின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் கழுவிவிடலாம். ஓரம் தூக்கிய இடத்தின் வழியே அடியில் புகுந்துவிட்டால் எந்தத் திரவமும் அதை எட்டாது. பட்டையை அகற்றுவதே வழி. இதை அறியாமல் வீடுகளில் நடக்கும் ஒரு செயல் ஆபத்தானது. குளியலறை கழுவும் அமிலத்தை ஊற்றிப் பார்த்து, கறுப்பு போகவில்லையென்றால் அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் அடைத்த சிறு குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கும் ஆபத்து. அமிலம் தனியாகவும் கேடு செய்யும்: டைல் இடுக்குகளில் உள்ள சிமென்டை அரித்து, நீர் நுழையப் புது வழி திறக்கும். கறுப்பைப் போக்கச் செய்த முயற்சியே கசிவைக் கூட்டிய வீடுகள் உண்டு.

நான்காம் ஆண்டில் விவகாரம் சங்கக் கூட்டத்துக்குச் சென்றது. மும்பையின் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவான வீட்டுவசதிச் சங்கங்கள். அவற்றின் கூட்டங்களில் கார் நிறுத்துமிடத்துக்கு அடுத்தபடியாகக் குரல் உயர்வது 'கள்தி' என்ற சொல்லில்தான். கசிவுக்கான மராத்திச் சொல் அது. தமிழ்க் காதுக்குப் பழகிய ளகரம் அதில் அப்படியே ஒலிக்கிறது. அதிகாரி தம் பக்கக் கணக்கைச் சொன்னார்: மூன்று முறை செலவு செய்தாயிற்று, பிழை தம் வீட்டில் இல்லை, பொதுக் குழாயில் இருக்க வேண்டும். பாயி தம் பக்கத்தைச் சொன்னார்: கூரையில் சொட்டும் நாட்களில் விளக்கின் பொத்தானைத் தொட அஞ்சி, மெழுகுவர்த்தியோடு குளியலறைக்குப் போகிறேன். இருவரும் சொன்னது உண்மை. தொட்டியை அகற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதிகாரியின் மனைவி கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை.

அந்நிலையில் அழைக்கப்பட்ட நான்காவது பிளம்பர், ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தைச் சேர்ந்தவர். அம்மாவட்டம், சிறப்பாக அதன் பட்டாமுண்டைப் பகுதி, இந்தியப் பெருநகரங்களுக்குத் தலைமுறைகளாகப் பிளம்பர்களை அனுப்பிவருகிறது. அந்தத் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. வந்தவர் பையிலிருந்து சிலிக்கோன் குப்பியை எடுக்கவில்லை. பழைய செய்தித்தாள்கள் கேட்டார்.

கசிவைக் குறிக்கத் தமிழில் உள்ள வினைகள் அவர் செய்த சோதனைக்கு நல்ல விளக்கம். ஒழுகுவது ஓடும் நீர்; இடம் உடனே தெரியும். சொட்டுவது துளித்துளியாய் விழுவது, கேட்டுக் கண்டுபிடிக்கலாம். கசிவது மெல்ல வெளிப்படுவது. ஊறுவது ஓரிடத்தில் நுழைந்து வேறிடத்தில் தோன்றுவது. மும்பை வீடுகளின் குளியலறைகளில் நிகழ்வது பெரும்பாலும் ஊறல். குழாய்கள் செல்ல வசதியாகக் குளியலறையின் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளின் தளத்தைவிடத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் துண்டும் கலவையுமிட்டு நிரப்பி, மேலே டைல் பதிக்கிறார்கள். மேலிருந்து இறங்கும் நீர் அந்த நிரப்பில் தேங்கி, நாட்கணக்கில் ஊறி, கான்கிரீட்டில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே கீழ் வீட்டில் தலைகாட்டும். கூரையில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பழுது இருக்க வேண்டியதில்லை. இன்று சொட்டுவது இன்று இறங்கிய நீராக இருக்க வேண்டியதுமில்லை.

ஆகவே கீழே பார்த்துப் பயனில்லை என்று அவர் சொன்னார். தொட்டியைச் சுற்றிச் செங்கல் கட்டி டைல் ஒட்டியிருந்தார்கள்; உள்ளே பார்க்க ஒரு கதவுகூட வைக்கவில்லை. முன்பக்கத்து டைல் ஒன்றை அறுத்தெடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, தொட்டியின் அடியில் உலர்ந்த செய்தித்தாள்களைப் பரப்பினார். முதலில் வடிகாலை அடைத்துத் தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு ஓரிரவு விட்டார். மட்டம் குறையவில்லை, தாளும் நனையவில்லை; தொட்டியில் ஓட்டையில்லை. சுவருக்குள் அழுத்தத்தோடு நீர் சுமக்கும் குழாய் பழுதாகியிருந்தால் இரவு பகலாக நனைத்திருக்கும், அதுவுமில்லை. அடுத்து மேலே உள்ள உபரித் துளைவரை நீரேற்றிப் பார்த்தார். பிறகு வடிகாலைத் திறந்து முழு நீரையும் ஒரே மூச்சில் விட்டார். தாள் உலர்ந்தே இருந்தது. கழிவுக் குழாயும் குற்றமற்றது. கடைசியாக, சுவரோரக் கோட்டின்மீது மட்டும் குவளையால் மெதுவாக நீர் வார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது குவளையில், ஷவருக்குக் கீழிருந்த மூலையில் தாள் கறுத்தது.

அறுத்த துளை இன்னொன்றையும் காட்டியது. தொட்டியின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தொட்டி அந்த மூலையில் சற்றே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு உயர்ந்த சீலன்டும் ஆடும் தொட்டியோடு நெடுநாள் உறவாடாது. கசிவை நிறுத்தும் முதல் வேலை மேலே விளிம்பில் இல்லை. கீழே, யாரும் பார்க்காத அந்தக் காலடியில் இருந்தது.

அதன்பின் அவர் கேட்டது பொருளன்று, நாட்கள். "மூன்று நாள் வேண்டும், சாகேப். அந்த மூன்று நாளும் இங்கே குளிக்கக் கூடாது." ஒரு மணி நேர வேலைக்கு மூன்று நாளா என்று அதிகாரி கேட்டார். முன்னர் வந்த மூவரும் அந்தக் கேள்விக்கு அஞ்சியே ஒரு மணி நேரத்தில் முடித்துச் சென்றவர்கள். இத்தொழிலில் கூலி வருகைக்குத்தான். உலரவிடும் நேரத்துக்கு எவரும் தருவதில்லை. வெள்ளைப் பட்டை கண்ணில் படுகிறது, அதற்குப் பணம் கிடைக்கிறது. சுரண்டலும் துடைத்தலும் காத்திருத்தலும் கண்ணில் படுவதில்லை. அடைப்பு நிலைப்பதற்கு அவைதாம் காரணம் என்றாலும், அவற்றைச் செய்பவர் மெதுவானவர் என்று பெயரெடுக்கிறார். அனுமதி தந்தவர் உள்ளறையிலிருந்த மனைவி. மூன்று நாள் வலியோடு இருந்துகொள்கிறேன் என்று அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

முதல் நாள் முழுவதும் சுரண்டலிலேயே கழிந்தது. மேலடுக்குச் சிலிக்கோன், கீழடுக்குச் சிலிக்கோன், அடியிலிருந்த சிமென்ட் என ஒவ்வொன்றாக வந்தன. அக்ரிலிக்கில் கீறல் விழாதபடி அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தகடு. டைல் பக்கம் மட்டும் பிளேடு. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் படலத்தைக் கரைப்பானால் இளக்கித் துடைத்தார். நீர் கலந்த பிளீச்சால் பூஞ்சையைக் கழுவி, நல்ல நீரில் அலசினார். அந்த நாளில் அமிலம் எதுவும் அறைக்குள் வரவில்லை. தூக்கி நின்ற காலுக்கு அடியில் கலவையிட்டுத் தாங்கு கொடுத்தார். பிறகு மேசை விசிறியை அந்த மூலைக்குத் திருப்பிவைத்துப் போய்விட்டார். விசிறி அன்றிரவும் மறுநாள் முழுவதும் ஓடியது. ஈர இடத்தில் இட்ட சிலிக்கோன் சுவரோடு ஒட்டாது. அதற்கும் சுவருக்கும் நடுவில் உள்ள நீர்ப்படலத்தோடு ஒட்டும்.

மூன்றாம் நாள் அவர் செய்த முதற்செயல் அதிகாரியைத் திகைக்க வைத்தது: உலர்த்திய தொட்டியை நீரால் நிரப்பினார். நிரம்பிய தொட்டி தாழ்ந்திருக்கும். அப்போது இடுக்கு முழு அகலத்தில் விரிந்திருக்கும். அந்நிலையில் அடைத்தால், வடிந்தபின் பட்டை சற்றே அமுங்கும். அடுத்த குளியலில் பழைய அகலத்துக்குத் திரும்பும். காலித் தொட்டியில் அடைத்த பட்டையோ முதற்குளியலிலேயே இழுபடத் தொடங்கும். விளிம்பு நனையாமல் பார்த்துக்கொண்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் இரு ஓரத்தையும் துடைத்தார். நுரைக் கயிற்றைத் திணித்தார். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் 6 மில்லிமீட்டர் விட்டார். சிலிக்கோனைத் துண்டு துண்டாகப் பிதுக்காமல் மூலையிலிருந்து மூலைக்கு நிறுத்தாமல் இழுத்து, ஒருமுறை மட்டும் அழுத்தி வழித்து, மேற்புறம் ஆடை கட்டுமுன் டேப்பை உரித்தெடுத்தார்.

அவர் தேர்ந்தெடுத்த சிலிக்கோன் வகையும் கவனிக்கத்தக்கது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியிடுவது. பூசும்போது வரும் வினிகர் வாடை அதனுடையது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அது நன்று. பளிங்கையும் சிமென்டையும் அந்த அமிலம் தாக்கும், செம்பையும் அரிக்கும். இந்தக் குளியலறையில் தொட்டியையொட்டிப் பளிங்குப் பட்டை ஓடியதால், அமிலம் வெளியிடாத, 'நியூட்ரல்' என்று குப்பியில் அச்சிட்ட, பூஞ்சைத் தடுப்பு கலந்த வகையை வாங்கிவரச் சொன்னார். எந்த வகையானாலும் சிலிக்கோன் உலர்ந்து இறுகுவதில்லை; காற்றின் ஈரத்தை உறிஞ்சியே இறுகுகிறது. ஒட்டும் பரப்பில் ஈரம் கூடாது, சுற்றியுள்ள காற்றில் ஈரம் வேண்டும். மேற்புறம் அரை மணியில் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்துவிடும். உட்புறம் இறுகுவது நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே. தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவுசெய்து அன்றே குளிப்பவர், பாதி வெந்த சோற்றை வடிப்பவர். அவர் தொட்டியை நிரம்பிய நிலையிலேயே மறுநாள்வரை விட்டுவைக்கச் சொன்னார். வடித்தபின் இன்னுமொரு நாள் கழித்தே குளியல்.

பட்டை நன்றாக அமைந்தது. ஆயினும் நான்காம் நாள் கீழ் வீட்டுக் கூரை சொட்டியது. ஏழாம் நாளும் சொட்டியது. அதிகாரி மீதிக் கூலியை நிறுத்திவைத்தார். சங்கச் செயலாளர், இந்த ஆளும் ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்பளித்தார். பள்ளத்து நிரப்பில் பல மாதங்களாகத் தேங்கிய நீர் வடிந்து தீரும்வரை கீழே சொட்டும் என்று பிளம்பர் சொன்னதைச் சமாளிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது சரியா என்று காட்ட அவரிடம் சான்று எதுவுமில்லை.

சான்று பாயியிடம் இருந்தது. கறை தோன்றிய மறுமாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முக்காலியின்மேல் ஏறி, கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதிவந்திருக்கிறார். கூரையில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப்போல, கோடுகள் இருந்தன. பழைய மூன்று பழுதுபார்ப்புகளின் தேதிகளுக்குப் பிறகும் வளையங்கள் ஒரே இடைவெளியில் அகன்றுகொண்டே போயிருந்தன. நான்காவதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறுகளில் கோடு கோட்டின்மேலேயே விழுந்தது. சொட்டு நிற்கவில்லை; கறை வளரவுமில்லை. அவர் அதிகாரியையும் செயலாளரையும் வீட்டுக்கு அழைத்து, அண்ணாந்து பார்க்கச் சொன்னார். விளக்கம் எதுவும் தரவில்லை. அன்று மாலை பிளம்பருக்குக் கூலி போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் வாரத்தில் சொட்டும் நின்றது.

இனி வருமுன் காப்பது. அறுத்த டைலின் இடத்தில் திருகு வைத்த சிறு பலகைக் கதவு பொருத்தப்பட்டது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். தொட்டியை நிறுவும்போது கால்கள் நான்கும் தரையில் பதிந்திருக்கின்றனவா, தொட்டியின் விளிம்பு டைலுக்குப் பின்னே ஏறி நிற்கிறதா, சுவரில் டைலுக்கு அடியில் நீர்த்தடைப் பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது, பின்னர் வாங்கும் எத்தனையோ குப்பிச் சீலன்டுக்கு ஈடு. சீலன்ட் கடைசிக் காவல். முதற்காவல்கள் இல்லாத வீட்டில் அதன்மேல் முழுப் பாரமும் விழுகிறது. அன்றாடத்தில் வேண்டியவை எளியவை: குளித்தபின் ரப்பர் வைப்பரால் விளிம்பின் நீரை வழிப்பது, காற்றுப்போக்கி விசிறியைச் சிறிது நேரம் ஓடவிடுவது, ஷாம்பு புட்டிகளை அந்த மூலையில் அடுக்காமலிருப்பது, மழைக்காலத்துக்கு முன், மே மாதத்தில் ஒருமுறை கோடு நெடுகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. ஓரிடத்தில் ஓரம் விலகினால், அந்தப் பகுதியை மேலே பூசி மறைக்காமல் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும்.

இந்த அறிவு நம் நிலத்துக்குப் புதிதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவை பூசும் தொழிலுக்குத் தமிழ்க் கடற்கரையில் 'கலப்பத்து' என்று பெயர். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதன் இந்தி, வங்காள உறவுச் சொல்லைப் பதிவு செய்து, போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததென்றும், அச்சொல்லுக்கும் மூலம் அரபு என்றும் கூறுகிறது. துறைமுகம் துறைமுகமாகச் சொல்லும் தொழிலும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன. பலகை நீரில் ஊறி விரியும், வெயிலில் காய்ந்து சுருங்கும் என்பதைக் கலப்பத்துக்காரர் அறிவார். அதனால்தான் அவர் இடுக்கில் கல்லை வைக்காமல் பஞ்சை வைத்தார். கலத்தைக் கரையேற்றி, பழையதைப் பிடுங்கி, காயவிட்டு, மறுபடி திணித்தார். அதற்கு ஆகும் நாட்களைக் கப்பல்காரர் வீண் என்று கருதவில்லை. கருதியவரின் சரக்கு கரை சேர்ந்திராது.

மூன்றாம் தளத்துக் கூரைக்கு அந்த ஆண்டு வெள்ளையடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுதாகக் கடக்கட்டும் என்று பாயி சொல்லிவிட்டார். அக்டோபரில் சாயம் பூச வந்தவரிடம், பென்சில் கோடுகள் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம்.